இன்ஸ்பிரேஷன் என்றால் உத்வேகமா?

போன வாரம் ஒரு அட்டை மெய்ப்புக்கு வந்தது. பட்டுச் சேலை மடிப்பில் செருகிக் கொடுப்பார்களே, உள்ளங்கை அகலத்தில், அதுதான். 'பண்டைய கோயில் சிற்பங்களால் உத்வேகம் பெற்ற கரை' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. படத்தில் ஜரிகை யாளி ஒன்று முன்னங்காலைத் தூக்கி நின்றது. உத்வேகம் பெற்றது யார், கரையா யாளியா? இந்த ஆண்டு இதே சொற்றொடர் என் மேசைக்கு எத்தனையாவது முறை வருகிறது என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இன்ஸ்பிரேஷன் லத்தீன் வழி வந்தது. 'இன்' என்றால் உள்ளே, 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல், உள்ளே ஊதுதல். ஊதியவர் முதலில் கடவுள். நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று அழகாகச் சொன்னது. உயிரியல் பாடத்தில் இதே சொல் உட்சுவாசம். கலைஞர்களிடமும் விளம்பரக்காரர்களிடமும் அது வந்து சேர்ந்தது பிறகு. வேர்க்கதை இவ்வளவு போதும்.

உத்வேகத்துக்கு வருவோம். வடமொழியில் அது பதற்றம், கலக்கம். கீதையின் 12ஆம் அத்தியாயம் 15ஆம் சுலோகம், மகிழ்ச்சி, பொறாமை, அச்சம், உத்வேகம் ஆகியவற்றிலிருந்து விடுபட்டவனே எனக்குப் பிரியமானவன் என்கிறது. கண்ணன் வேண்டாம் என்று சொன்னதைத்தான் நாம் சேலைக் கரைக்குக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இதை மட்டும் வைத்து வழக்காட மாட்டேன். வந்த இடத்தில் சொல் பொருள் மாறும். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணமாக இருந்தது. தமிழில் இன்று உத்வேகம் என்றால் ஊக்கமும் வேகமும். தலைவர் பேச்சைக் கேட்டுத் தொண்டர் உத்வேகம் பெறட்டும், எனக்குத் தடையில்லை.

என் சண்டை வேறு. உத்வேகம் ஆளின் நிலையைச் சொல்கிறது. வடிவம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஜப்பானின் 500 வரிசை ஷிங்கன்சென் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் ஓடத் தொடங்கியது, மணிக்கு 300 கிலோமீட்டர். ரயில் அந்த வேகத்தில் சுரங்கத்துக்குள் புகும்போது முன்னால் காற்று இறுகி, மறுவாயில் வெடிச்சத்தம் போல் வெளிப்படும். பறவை பார்க்கும் பழக்கமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு, தண்ணீர் அதிகம் தெறிக்காமல் பாயும் மீன்கொத்தியின் அலகை நினைத்தார். ரயிலின் மூக்கு அப்படி நீண்டது. இதை 'மீன்கொத்தியால் உத்வேகம் பெற்ற ரயில்' என்று எழுதிப் பாருங்கள். மீன்கொத்தி கைதட்டி உற்சாகப்படுத்தியதால் ரயில் 300இல் ஓடியது போல இருக்கிறது.

'ஈர்க்கப்பட்ட' என்பார் சிலர். யாளியால் ஈர்க்கப்பட்ட சேலை! காந்தமா அது? 'தூண்டல்' பரவாயில்லை, ஆனால் ஆய்வகத் தவளை நினைவுக்கு வருகிறது. ஈழத்தில் 'அருட்டுணர்வு' என்று எழுதுவார்கள். நல்ல சொல், உறங்குகிறவரை அருட்டி எழுப்புவது கண்ணில் தெரிகிறது. இந்தப் பக்கம் அது ஏன் வரவில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

சரி, நம் வாயில் என்ன இருக்கிறது? 'சட்டுனு பொறி தட்டிச்சு' என்கிறோமே, அது போதாதா? 1941இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ்காரர் நாயோடு வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது துணியிலும் நாயின் மயிரிலும் முள்காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நம்மூர் நாயுருவி ஒட்டுவது போல. நுண்ணோக்கியில் பார்த்தார், குட்டிக் குட்டிக் கொக்கிகள். பையிலும் செருப்பிலும் ஒட்டிப் பிரிக்கும் பட்டை, வெல்க்ரோ, அங்கே பிறந்தது. அவருக்கு வந்தது பொறி. ஊக்கம் அவருக்கு முன்பே இருந்திருக்கும், இல்லாவிட்டால் நாயைத் தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

'இன்ஸ்பையர்ட் பை' என்பதற்கு வேறு வழி வேண்டும், அது கடனைச் சொல்லும் இடம். பவணந்தியாரின் இலக்கணமான நன்னூல், நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக்குகிறது. மூன்றாவதற்கு இலக்கணம்: 'இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது'. முன்னோர் இருவரிடமும் ஒரு மூலையைப் பற்றிக்கொண்டு வேறாகத் திரிவது. கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார் வரைந்து 2010இல் அரசு ஏற்ற ரூபாய்க் குறியைப் பாருங்கள்: தேவநாகரி 'ர'வில் ஒரு மூலை, ரோமன் 'ஆர்' எழுத்தில் ஒரு மூலை. பவணந்தியார் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது போல இருக்கிறது. சார்ந்தது, ஒட்டியது, தழுவியது என்று நெருக்கத்துக்கு ஏற்ப எழுத நமக்குப் படிப்படியாகச் சொல் இருக்கிறது. உத்வேகம் இந்தப் படிகளையெல்லாம் அழித்துவிடுகிறது. அச்சு அசலாகக் காப்பியடித்தவனும் உத்வேகம் பெற்றேன் என்று தப்பிக்கிறான்.

மூலகாரணம் சொற்பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச்சொல், பிறகு எங்கே வந்தாலும் அதையே ஒட்டு. மூட் போர்டை 'மனநிலைப் பலகை' ஆக்கியதும் இந்தப் பட்டியல்தான். மனநல மருத்துவமனை வாசலில் மாட்டும் பலகை என்று நினைத்தேன். வண்ணத் துணுக்கும் துணித் துண்டும் பழைய புகைப்படமும் ஒட்டி, 'இந்தச் சாயலில் வேண்டும்' என்று வாடிக்கையாளரிடம் காட்டுவது அது. சாயல் பலகை என்றால் கேட்டவுடன் புரியும். நான் வேலை செய்யும் இடத்தில் 'சாயல்' என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். 'சாயல் அனுப்பிட்டீங்களா?'

அந்த அட்டைக்கு நெசவாளரிடமே தொலைபேசியில் கேட்டேன். 'கோயில் தூண்ல இருக்கிற யாளியப் பாத்துப் போட்டதுங்க' என்றார். 'கோயில் தூண் யாளியைப் பார்த்து நெய்த கரை' என்று திருத்தி அனுப்பினேன். நேற்று அச்சாகி வந்திருக்கிறது: 'கோயில் தூண் யாளியைப் பார்த்து உத்வேகத்துடன் நெய்த கரை'.