வாரம் ஒரு நீல மாத்திரை: பள்ளியில் தரும் சத்து மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறீர்களா? இரத்தசோகை வராமல் காக்க, வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆணும் பெண்ணும் என்ற பேதம் இதில் இல்லை. பள்ளியை விட்டு நின்றுவிட்ட 10 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளுக்கு அங்கன்வாடி மையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ இதே மாத்திரை கிடைக்கும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும், இரத்தம் ஊற உதவும் வைட்டமினான ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தம்பி தங்கைகளுக்குத் தருவது இளஞ்சிவப்பு மாத்திரை. அதில் இரும்பு 45 மில்லிகிராம்தான். கர்ப்பிணிகளுக்குத் தருவது சிவப்பு. ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்றுதான் நிறத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மத்திய சுகாதாரத் துறை இந்த வாராந்திர மாத்திரையை 2012-13இல் தொடங்கியது. 2018இல் 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்துக்குள் அது சேர்ந்தது. அதற்கான தேவை பெரியது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் இரத்தக் குறைவோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரத்தசோகை வந்த பிள்ளை படுத்துவிடுவதில்லை. அதனாலேயே வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் பாடத்தில் மனம் நிற்காது. விளையாட்டு வேளையில் ஓரமாக உட்கார்ந்துவிடும். 'சோம்பேறி' என்று பேர் வாங்கும். சிலேட்டுக்குச்சி, சாக்பீஸ், பச்சரிசி, சாம்பல் என்று கண்டதைத் தின்னும் பழக்கமும் பல பிள்ளைகளிடம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்தான். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள்; இரத்தம் பார்க்கக் கூட்டிப்போங்கள். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப்போய், நாக்கும் உள்ளங்கைக் கோடுகளும் அதேபோல் வெளிறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் லேசான இரத்தசோகை கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும்.

ஏன் தினமும் இல்லை?

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரும்பு உள்ளே போனதும் உடல் ஒரு தடுப்பைப் போட்டுக்கொள்கிறது. அடுத்த சில வேளைகளுக்குக் குடல் இரும்பைக் குறைவாகவே உறிஞ்சும். குடலின் உள்தோல் ஐந்தாறு நாட்களில் புதுப்பிக்கப்பட்டுவிடும். வாரம் ஒன்று என்ற கணக்கு இந்த ஓட்டத்தோடு ஒத்துப்போகிறது. வயிற்றுத் தொல்லையும் குறையும். நோய் இல்லாத பிள்ளைக்கு நோய் வராமல் காக்க இந்த அளவு போதும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இது போதாது. அந்தக் கணக்கு வேறு, கீழே வருகிறது.

விழுங்கும் முறை

மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, வகுப்பிலேயே, ஆசிரியர் கண் முன்னால், ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏன்? வெறும் வயிற்றில் இரும்பு இரைப்பையை உறுத்தும். குமட்டல், வயிற்றுவலி, வாந்தி எல்லாம் அதனால் வரலாம். மதியம் சோறு சாப்பிடாத பிள்ளைக்கு அன்று மாத்திரை தர வேண்டாம். மறுநாள் சாப்பிட்டபின் தரலாம்.

மெல்லக் கூடாது. மேலே சர்க்கரைப் பூச்சு இருக்கும், நாக்கில் வைத்ததும் இனிக்கும். கடித்தால் உள்ளே துருப்பிடித்த ஆணியை நக்கியது போன்ற சுவை. ஒருமுறை கடித்துப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் வாயைத் திறக்காது. ஈரக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே பூச்சு கரைந்து உள்ளங்கை நீலமாகும். பூச்சு உரிந்து நிறம் மாறிய மாத்திரையை ஒதுக்கிவிடுங்கள்.

டீயும் காபியும் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாலும் தடுக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இவை மூன்றும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். மாத்திரை நாளன்று டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் இருந்தால் நல்லது.

மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். உறிஞ்சப்படாமல் மீந்த இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளை பயந்துபோய் மறுவாரம் மாத்திரையை ஜன்னல் வழியே எறியும். கருத்தடை மாத்திரை என்று ஊரில் கிளம்பும் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. மாத்திரையில் இருப்பவை இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான்.

ஒரு வாரம் தவறிவிட்டால் பள்ளிக்கு வரும் நாளில் ஒன்று சாப்பிட்டால் போதும். விட்டதற்கும் சேர்த்து இரண்டு மூன்று என்று போடக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற நோய் இருக்கும் நாட்களில் நிறுத்தி, குணமான பின் தொடரலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைக்கும் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கும் இந்த மாத்திரை கூடவே கூடாது. அவர்கள் உடலில் இரும்பு ஏற்கெனவே அளவுக்கு மேல் சேர்ந்திருக்கும். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெற்றோர் அதைப் பொறுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கையில் கொடுத்து அனுப்புவதுதான் தவறு

இந்தத் திட்டம் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து 'வீட்டில் போய்ச் சாப்பிடு' என்று அனுப்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் அந்த மாதத்துக்கு நான்கு மாத்திரை கொடுத்ததாகக் கணக்கு ஏறிவிடும். மாத்திரை பையின் அடியில் நொறுங்கிக் கிடக்கும். பயன் இல்லாமல் போவது ஒரு நஷ்டம். உயிருக்கே ஆபத்து வருவது அதைவிடப் பெரியது.

2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கினார்கள். 13 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். சத்து மாத்திரைதானே, கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் சத்து என்று ஒரு பிள்ளை நினைப்பது இயல்பு. பூச்சு வேறு மிட்டாய் போல இனிக்கிறது. ஆகவே முதல் நாளே வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அளவு மீறினால் இரும்பு நஞ்சு.

தவறுதலாக ஒன்று கூடுதலாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கைநிறைய விழுங்கியதாகத் தெரிந்தால், எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். சில சமயம் இரத்தமாகவும் வரும். அதன்பின் எல்லாம் அடங்கி, பிள்ளை தெளிந்துவிட்டது போலத் தோன்றும். இந்தத் தெளிவை நம்பி வீட்டில் படுக்க வைத்துவிடக் கூடாது. உள்ளே இரும்பு இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து நிலைமை கைமீறும். வாந்தி எடுக்க வைக்க விரலை விடாதீர்கள், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். வெறும் அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். எத்தனை போயிருக்கும் என்று மருத்துவர் கணக்கிட அது உதவும். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்து மருத்துவமனையில் உண்டு. நேரத்தோடு போனால்தான் அது கைகொடுக்கும்.

கோடை விடுமுறைக்கு மட்டும் வாரக் கணக்குப்படி மாத்திரைகளை எண்ணி வீட்டுக்குத் தருவதுண்டு. அவை அம்மா கையில் இருக்க வேண்டும், பிள்ளையின் பையில் அல்ல. வீட்டில் கைக்குழந்தையோ தவழும் பிள்ளையோ இருந்தால் பரண் மேலோ பூட்டிய பெட்டியிலோ வையுங்கள். சிறு பிள்ளைக்குச் சில மாத்திரைகளே ஆபத்து.

இரத்தசோகை இருப்பது தெரிந்தால்

ஆண்டுக்கு ஒருமுறை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தை இலவசமாகப் பார்ப்பார்கள். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் (இரத்தத்துக்குச் சிவப்பு தரும், இரும்பு அடங்கிய பொருள்) 12 கிராமுக்குக் கீழே இருந்தால் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்பிள்ளைக்கு இரத்தசோகை. 12 முதல் 14 வயது வரை ஆண்பிள்ளைக்கும் அதே 12. 15 வயதிலிருந்து 13. எட்டுக்குக் கீழே போனால் கடுமையானது, பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எட்டுக்கு மேல் உள்ள லேசான, நடுத்தர இரத்தசோகைக்குச் சிகிச்சையும் இதே நீல மாத்திரைதான். தினமும் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின், மூன்று மாதம். மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கும்போது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா, டீயோடு போகிறதா, வேறு நோய் உண்டா என்று பார்க்க மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பலர் ஒரு மாதத்தில் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இரத்தம் ஏறினாலும் உடலின் இரும்புக் கையிருப்பு நிரம்பக் கூடுதல் காலம் வேண்டும். அதற்குத்தான் மூன்று மாதக் கணக்கு. அளவு சரியானதும் மறுபடி வாரம் ஒன்றுக்குத் திரும்பலாம்.

கூடவே வருபவை

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை தருவார்கள்: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்று. இதை நன்றாகச் சப்பித் தின்ன வேண்டும். கொக்கிப்புழு குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். அது உள்ளே இருக்கும்வரை எத்தனை வாரம் இரும்பு கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். 1 முதல் 19 வயது வரை எல்லாருக்கும் உண்டு, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து; இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாதி மாத்திரைதான். வயலிலும் கழிவறையிலும் செருப்பில்லாமல் நடந்தால் புழு மறுபடி ஏறும்.

தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய 'புது யுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 18 நாப்கின் பாக்கெட் இலவசம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், ஒவ்வொன்றிலும் ஆறு. மாதவிடாயில் போகும் இரத்தமும் இரத்தசோகைக்கு ஒரு பெரிய காரணம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ வெறும் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தத் திட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைக்கு வழி வைத்தவர்கள், நின்றுபோன ஆண்பிள்ளைக்கு வைக்கவில்லை. பட்டறையிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்க்கும் பதினைந்து வயதுப் பையனைத் தேடி யாரும் மாத்திரையோடு வருவதில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் வாராந்திர மாத்திரைக்குள் வரவில்லை. இந்த வாசல் திறக்கப்பட வேண்டும். அதுவரை அப்படிப்பட்ட பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு இருந்தால் சிகிச்சைக்கான மாத்திரையை அங்கேயே இலவசமாகத் தருவார்கள்.

உங்கள் பள்ளியில் பல வாரங்களாக மாத்திரை வரவில்லை என்றால் முதலில் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். இருப்பு இல்லை என்றால் கிராம சுகாதார செவிலியர் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். அதிலும் பதில் இல்லையென்றால் 104 என்ற இலவச எண்ணில், பள்ளியின் பெயரையும் எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லிப் புகார் செய்யலாம்.