எலும்புக்கு ஒரு சூடு, நெஞ்சுக்கறிக்கு ஒரு சூடு

அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கோழி நூடுல்ஸ் சூப் வைத்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் நடக்காது. எலும்பு வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். நெஞ்சுக்கறி வெந்ததும் இறக்கினால் சாறு வெந்நீராக நிற்கும். நூடுல்ஸ் இரண்டுக்கும் காத்திராமல் குழைந்துபோகும்.

நல்ல சூப் குடித்தபின் உதடு லேசாக ஒட்டும். அது ஜெலட்டின். கோழியின் தோல், மூட்டு, கழுத்து, பாதம் இவற்றிலெல்லாம் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறாக இருக்கிறது. 60, 65 டிகிரி செல்சியஸ் அளவில் முறுக்கு தளரத் தொடங்கும். இழைகள் பிரிந்து ஜெலட்டினாகித் தண்ணீரில் கரைய இன்னும் சூடும் நேரமும் வேண்டும். கறிக்கடையில் அரைக் கிலோ கழுத்து, இறக்கை, நகம் வெட்டிய பாதம் என்று கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி கால் கிலோ போதும்.

இனி குக்கர். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகும், சூடு ஏறாது. மூடிய குக்கரில் அழுத்தம் கூடக்கூடக் கொதிநிலையும் ஏறி 120 டிகிரியை நெருங்கும். திறந்த பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கேட்கும் கொலாஜன், இந்தச் சூட்டில் இருபது முப்பது நிமிடத்தில் கரைந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விசில் வரும் நொடியில் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் உள்ளே இருக்கும் சாறு கொந்தளித்துக் கொதிக்கும். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி, ஜெலட்டின் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ள, சாறு பால்போல் கலங்கும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்தால் அழுத்தம் நிலையாக நின்று, குமிழியே இல்லாமல் வேகும். அப்போது சாறு தெளிவாக வரும். கலங்கலை விரும்புகிறவர்கள் விசில் அடிக்க விடட்டும். எனக்குத் தெளிந்த சாறுதான் பிடிக்கும், மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுப்பதும் அதில்தான் சுலபம்.

நாட்டுக்கோழி ஆகாதா என்று நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆகும், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. பிராய்லர் சுமார் நாற்பது நாளில் கறிக்கு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஓடித் திரிந்த கோழியில் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் வலுத்துப்போயிருக்கும், அவை அவிழ நேரமாகும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

நெஞ்சுக்கறிக் கணக்கு தலைகீழ். அதில் கொலாஜன் மிகக் குறைவு, கரைவதற்கு ஒன்றும் இல்லை. 70 டிகிரியைத் தாண்டியதும் தசைப்புரதங்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளும். நோய்க்கிருமிகள் சாக, துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். ஆகவே மெல்லிய கீற்றுகளாக அரிந்து, குக்கரைத் திறந்து சாற்றை வடிகட்டிய பிறகு போட்டு, மெதுவாகக் கொதிக்கும் சூட்டில் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு போயிருந்தால் இறக்கிவிடலாம்.

சுவைக்குத் தக்காளி போதும், சூப் கட்டி வேண்டாம். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, உமாமி என்று அந்தச் சுவைக்குப் பெயர் வைத்தார். தக்காளியில் அது தாராளமாக இருக்கிறது, சதையைவிட விதையைச் சுற்றிய கொழகொழப்பில் அதிகம். கோழிக்கறியில் வேறொரு பொருள் உண்டு: அறுத்தபின் தசையில் மிஞ்சும் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து உண்டாகும் இனோசினேட். இவை இரண்டும் நாக்கில் சேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளிச் சந்தைகளுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு விதையை வழித்து எறிவது அநியாயம். இரண்டு பழுத்த தக்காளியை அப்படியே நறுக்கி எலும்போடு குக்கரில் போடுங்கள். கேரட், பீன்ஸ் நெஞ்சுக்கறிக்குச் சற்று முன்னால். மிளகை இறக்கும்போது பொடித்துப் போடுங்கள், முன்பே போட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும்.

நூடுல்ஸில்தான் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சொந்தமாக ஒன்று இருக்கிறது. அதற்கு முன் கடை நூடுல்ஸ். ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ், வேகவைத்து எண்ணெயில் பொரித்தது. பொரியும்போது நீர் ஆவியாகி வெளியேறிய இடங்கள் நுண்துளைகளாக நிற்கும், வெந்நீர் அவற்றின் வழியே புகுவதால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடுகிறது. வேகம் அப்படிக் கிடைக்கிறது, எண்ணெயும் கூடவே வருகிறது. மசாலாப் பொட்டலத்தில் உப்பு வேறு.

ராகி விளையும் ஊரில் ராகி சேமியா இருக்கிறது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு, கோதுமையில் அதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் ராகியில் குளுட்டன் என்ற பசைப் புரதம் இல்லை. கோதுமை நூடுல்ஸைக் கொதிநீரிலும் உடையாமல் கட்டிவைப்பது குளுட்டன் வலை. ராகி சேமியாவை நேராகச் சூப்பில் போட்டால் மாவுச்சத்து கட்டுப்பாடில்லாமல் நீரைக் குடித்து, உப்பி, உடைந்து, கடைசியில் கூழ் குடிக்க வேண்டியதுதான். (கூழுக்குத்தான் ஆசை என்றால் அதற்குக் கோழி தேவையில்லை.) உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் சில நிமிடம் நனைத்து, நன்றாக வடித்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவையுங்கள். அளவான ஈரத்தில் வெந்தால் மாவுச்சத்து இறுகி இழையாகவே நிற்கும். கிண்ணத்தில் சேமியாவை வைத்து, குடிக்கும் நேரத்தில் சூப்பை மேலே ஊற்றுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

சளிக்குக் கேட்குமா? 1978-இல் அமெரிக்காவில் 15 பேரை வைத்துச் சோதித்தார்கள். கோழி சூப் குடித்ததும் மூக்குச்சளி நகரும் வேகம் நிமிடத்துக்கு 6.9 மில்லிமீட்டரிலிருந்து 9.2-க்கு ஏறியது. வெந்நீருக்கும் ஓரளவு ஏறியது. அரை மணி நேரத்தில் பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. சளியை இளக்குகிறது என்று சொல்லலாம், குணமாக்குகிறது என்று சொல்ல இது போதாது.

சூப்பில் மிகப் பெரிய பங்கு தண்ணீர்தான், நம் பக்கத்தில் அதைப் பேசாமல் ஆரோக்கியம் பேச முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பில் பாதிப்பு என்று இதன் விளைவுகளை இங்கே நிறையப் பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும் என்பதால் மிச்சத்தில் அதன் செறிவு கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பில் இருக்கும் போர் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்தால் ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஆகிவிடும். பல் முளைத்துவரும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் போர் தண்ணீரைக் கறி கழுவ வைத்துக்கொண்டு, சூப்புக்கு ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒன்றேகால் லிட்டர் ஊற்றுங்கள். சிம்மில் வைத்த குக்கரில் ஆவி அதிகம் வெளியேறாது, ஊற்றியதில் பெரும்பங்கு அப்படியே இருக்கும், நான்கு பேருக்குத் தாராளமாக வரும்.