பண்ருட்டியில் பெய்யும் மழை கடலூருக்கு எப்போது வரும்?

மொட்டை மாடியில் பந்தி போடலாமா, கீழே கூடத்திலேயே முடித்துக்கொள்ளலாமா என்ற கேள்வி, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடலூரில் விசேஷம் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் மாலை ஐந்து மணிக்கு எழும். மேற்கே வானம் கறுத்திருக்கும். பண்ருட்டியில் மழை கொட்டுகிறது என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொல்வார். காலையில் வந்த வானிலை அறிக்கையோ 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்பதோடு நின்றிருக்கும். அந்த ஓரிரு இடங்களில் கடலூர் நகரின் மஞ்சக்குப்பமும் ஒன்றா என்பதை அடுத்த ஒரு மணி நேரத்துக்காவது ஊகிக்க உதவுவது, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் டாப்ளர் ரேடார் படம். ஆனால் அந்தப் படத்தில் எதிர்காலம் எதுவும் இல்லை. சில நிமிடங்களுக்கு முன் மழை எங்கே இருந்தது என்பதை மட்டுமே அது காட்டும். எங்கே போகும் என்பதைப் பார்ப்பவர்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ரேடார் செய்யும் வேலை எளிமையானது. சுழலும் கிண்ண வடிவ ஆன்டெனா, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறு துடிப்பாக நுண்ணலையை அனுப்பிவிட்டு, எதிரொலி வருகிறதா என்று காத்திருக்கும். அலை ஒளியின் வேகத்தில் செல்வதால், 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மழையில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகிறது. அந்த நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் ரேடார் அலையை வீசும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சில விநாடிகள்தான் வரும். மற்ற நேரம் முழுவதும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வரும் எதிரொலியின் வலிமையில்தான் சூட்சுமம் இருக்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும், அதாவது விட்டத்தின் ஆறாம் அடுக்காக அது கூடும். மேகத்துளி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர், நல்ல மழைத்துளி 2 மில்லிமீட்டர். பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளிக்கு உரிய நீர் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு மழைத்துளி தரும் எதிரொலிக்கு ஈடாக லட்சம் கோடி மேகத்துளிகள் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் வங்கக்கடல் முழுவதும் வெண்மையாகத் தெரியும் நாளிலும் ரேடார் படம் ஏறக்குறைய வெறுமையாக இருப்பது இதனால்தான்: ரேடார் பார்ப்பது மேகத்தை அன்று, மழையை.

இந்த ஆறாம் அடுக்கு விதியால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், அவற்றை டெசிபல் அளவில் (எதிரொலி பத்து மடங்கானால் எண் பத்து கூடும்) சுருக்கி, நிறங்களாகத் தீட்டுகிறார்கள். பொதுவாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தின்படி 23 டெசிபல் என்பது மணிக்கு 1 மில்லிமீட்டர் தூறல். 39 என்பது மணிக்கு 10 மில்லிமீட்டர். 50 என்பது மணிக்கு 50 மில்லிமீட்டரை ஒட்டிய பேய்மழை. நிறம் ஓரிரு படி மாறினாலே மழை பல மடங்கு மாறிவிடும் என்பதால், படத்தின் ஓரத்திலுள்ள நிற அளவுகோலைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஓர் இக்கட்டு உண்டு. இரண்டு ஊர்களும் சென்னை, காரைக்கால் ரேடார்களுக்கு இடையில் இருக்கின்றன. நேர்கோட்டில் சென்னையிலிருந்து கடலூர் சுமார் 155 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து சுமார் 90. ரேடாரின் கற்றை அரை பாகை அளவுக்காவது மேல்நோக்கிச் சாய்ந்தே புறப்படுகிறது. பூமியும் அதன் அடியில் வளைந்து கீழிறங்குகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், சென்னையிலிருந்து வரும் கற்றையின் மையம் கடலூருக்கு மேலே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் உயரத்திலும், காரைக்காலிலிருந்து வருவது 1.3 கிலோமீட்டர் உயரத்திலும் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் பல நேரங்களில் அதிக உயரம் வளராதவை. சென்னைப் படத்தில் ஒன்றுமே இல்லாதபோது கடலூர் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் நனைந்துகொண்டு நிற்பவர் ரேடாரைத் திட்டுவது இதனால்தான். அவர் காரைக்கால் படத்தைத் திறந்திருக்க வேண்டும்.

இனி பந்திக் கணக்கு. ஐந்து மணிப் படத்தில் மழையின் முன்விளிம்பு பண்ருட்டிக்கு மேற்கே 15 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐந்தரை மணிப் படத்தில் பண்ருட்டியைத் தொட்டுவிட்டது. அப்படியானால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். பண்ருட்டியிலிருந்து கடலூர் நேர்கோட்டில் சுமார் 24 கிலோமீட்டர் என்பதால், ஆறு இருபது வாக்கில் மழை வர வேண்டும். இந்தக் கணக்கு தவறும் விதமும் சுவையானது. இடிமேகத்திலிருந்து கொட்டும் மழையோடு குளிர்ந்த காற்றும் இறங்கி, தரையில் மோதி, முன்னோக்கிப் பரவுகிறது. அது கரையிலிருந்து உள்ளே நுழைந்திருக்கும் கடற்காற்றை எதிர்கொள்ளும் இடத்தில் ஈரக்காற்று மேலே தள்ளப்பட, பழைய மேகம் வந்து சேருவதற்கு முன்பே புதிய மேகம் இடைவழியிலுள்ள நெல்லிக்குப்பத்துக்கு மேலே எழுந்துவிடலாம். அப்போது ஆறு மணிக்கு முன்பே இலையில் தண்ணீர் விழும். மாறாக, வந்துகொண்டிருந்த மேகம் வழியிலேயே வலுவிழந்து, நகரத்துக்குக் குளிர்ந்த காற்றை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்துபோவதும் உண்டு. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தொடர்ந்து நான்கைந்து படங்களில் நிறம் அடர்கிறதா வெளிறுகிறதா, பரப்பு விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இந்தக் கணக்கை நீட்டுவது வீண்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறிவிடும். அப்போது கண்ணை வைக்க வேண்டிய இடம் கிழக்கும் வடகிழக்கும். கடலில் சிறு சிறு புள்ளிகளாகத் தோன்றிக் கரையேறும் மழை, பத்துப் பதினைந்து நிமிடம் அடித்துவிட்டு உள்ளே போய்விடும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இரு சக்கர வாகனத்தில் கிளம்புபவர், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பார்த்துப் புறப்பட்டால் பெரும்பாலும் நனையாமல் போய்ச் சேரலாம்.

சில சிறு எச்சரிக்கைகள். படத்தில் அச்சாகியிருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளாதவர், புதிய படத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடுவார். பல படங்கள், தரைக்கு மேல் எந்த உயரத்திலும் கிடைத்த அதிகபட்ச எதிரொலியையே காட்டுவதால், தலைக்கு மேல் வெகு உயரத்தில் மட்டும் மழையிருந்து தரை காய்ந்திருக்கும்போதும் நிறம் தெரியும். கட்டடங்களும் குன்றுகளும் கடல் அலைகளும்கூட எதிரொலிக்கும். அடுத்தடுத்த படங்களில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் கறை பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான். கைபேசிச் செயலிகள் அழகாக ஓடவிடும் 'ரேடார்' அசைபடங்களில் பல, உண்மையில் கணினி மாதிரியின் கணிப்பையோ செயற்கைக்கோள் தரவையோதான் காட்டுகின்றன. என் அனுபவத்தில், அவற்றை நம்பிப் பந்தல் போட்டவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

மழை நகர்கிறது என்பதை வைத்தே இந்தக் கணக்கெல்லாம் ஓடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகு பல மணி நேரம் ஏறத்தாழ அசையாமல் நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட இரவில், மழை எப்போது வரும் என்று விளிம்பைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை; ஒரே நிறம் ஒரே ஊரின் மேல் எத்தனை படங்களாக நிற்கிறது என்று எண்ணினால், தரைத்தளத்திலிருக்கும் பொருள்களை மேலே ஏற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும்.