பெட்டி பிரிக்காத பிஸ்டலும் பத்தாயிரம் ரவுண்டு வீடியோவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஷூட்டிங் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) ஒரு தம்பதி வந்தார்கள். பிளேனோவில் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதே தெருவில் யார் வீட்டிலோ பின்கதவை உடைத்துவிட்டார்களாம். மூன்று வருடமாக அலமாரியில் தூங்கிய பிஸ்டலை, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியோடு அப்படியே கொண்டுவந்திருந்தார் கணவர். இதுவரை ஒரு தோட்டா கூடச் சுட்டதில்லை. ஆறு தோட்டா போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது தோட்டா பாதி உள்ளே பாதி வெளியே, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"அண்ணா, இது ஜாம் ஆகவே ஆகாதுன்னாங்களே. பத்தாயிரம் ரவுண்டு சுடற வீடியோ பாத்துட்டுத்தானே வாங்கினேன்!"

ரவுண்டு என்றால் ஒரு தோட்டா. இந்த வாசகத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். துப்பாக்கி பழுதுபார்க்கும் என் மேசையைத் துடைத்துவிட்டு அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், முடிக்கத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

சரி, தொடங்கும் முன் ஒன்று. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை வக்கீலிடம் கேளுங்கள், நண்பரின் நண்பரிடம் கேட்காதீர்கள். இனி எழுதுவது சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர்களுக்கு.

அந்த வீடியோவில் சுட்டது உங்கள் துப்பாக்கி இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஊரிலிருந்து மிக்ஸி வாங்கி, புடவைக்கு நடுவில் சுற்றிப் பெட்டி கட்டிக் கொண்டுவருகிறீர்கள். நல்ல பிராண்டு, அம்மா வீட்டில் இருபது வருடம் உழைத்தது. அதற்காக இங்கே ஓட்டிப் பார்க்காமல், விருந்தாளி வரும் நாளில் நேரே தேங்காயைப் போடுவீர்களா? மோட்டார் நன்றாக இருந்தாலும் ஜார் வாஷர் கசியலாம். இந்த ஊர் கரண்ட்டே வேறு. மிக்ஸிக்கு இருக்கும் இந்த எச்சரிக்கை பிஸ்டலுக்கு மட்டும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

பிராண்டுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல பெயர் இருந்தால் நல்ல துப்பாக்கி கிடைக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில், ஜான் பிரவுனிங் வடிவமைத்த, கோல்ட் (Colt) நிறுவனத்தின் பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டது. சூடு ஏறினால் தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடி சுட்டார்கள். அந்தப் புகழை நம்பி இன்றைக்கும் அதே வடிவத்தை வாங்குகிறார்கள். அன்று சுட்டது உருண்டை மூக்குத் தோட்டா. இன்று நீங்கள் போடுவது முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட். செய்பவர்களும் இப்போது பல பேர். "சிக்குகிறது" என்று என் மேசைக்கு வருபவற்றில் அந்த வடிவத்துக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ரெமிங்டன் 1816இல் தொடங்கிய நிறுவனம். கிட்டத்தட்ட 200 வருட அனுபவத்தோடு 2014இல் ஆர்51 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே, வாங்கியவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டி வந்தது.

நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத விஷயம்: பொம்மையில், குக்கரில், தொட்டிலில் குறை இருந்தால் தலையிட இங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. துப்பாக்கியிலும் தோட்டாவிலும் அது கை வைக்கக் கூடாது என்று 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத் திருத்தமே செய்துவிட்டது. துப்பாக்கியைத் திரும்பப் பெறுவது செய்தவர்களின் விருப்பம். உங்கள் வீடு தேடிக் கடிதம் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். துப்பாக்கியில் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களேதான் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கி வாங்கினால் கண்டிப்பாக.

அந்தத் தம்பதிக்கு வருகிறேன். பிஸ்டலைக் கழற்றினால், தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது. துடைத்து எண்ணெய் போட்டு நான் ஐம்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. கணவர் முப்பது சுட்டார், இரண்டு சிக்கின. அதுவரை காது மூடியைக் கூடக் கழற்றாமல் பின்னால் நின்றிருந்த மனைவியை அழைத்தேன். பன்னிரண்டு சுட்டார், நான்கு சிக்கின.

"அவர் மாசத்துல பாதி நாள் டிராவல்ல இருப்பாருண்ணா. வீட்ல இருக்கறது நான்தான்" என்றார் அந்தப் பெண்.

யாருக்காக வாங்கியதோ அவர் கையில் ஓடாத துப்பாக்கி. என் கையில் ஓடி என்ன பயன்? "லேடீஸுக்கு இதுதான் சரி" என்று உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் பிஸ்டலை விற்றிருக்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டியாக இருந்தால் சுலபம் என்று நினைப்பு. 9 எம்எம் தோட்டா போடும் குட்டிப் பிஸ்டலில் ஸ்பிரிங் விறைப்பு, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுக்கவே கை வலிக்கும், பிடிக்க இடமில்லை, உதைப்பு அதிகம். மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, அடுத்தது சிக்கும். இடுப்பில் மறைத்து நடக்க வேண்டும் என்றால் குட்டிக்கு அர்த்தம் உண்டு. வீட்டுப் பெட்டகத்தில் இருக்கப் போவதற்கு எதற்கு? பெரும்பாலான ரேஞ்சுகளில் வாடகைக்கே துப்பாக்கி கிடைக்கிறது. நாலைந்தைச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

"அப்போ ரிவால்வர் வாங்கிடறேன், அது சிக்கவே சிக்காது" என்று அடுத்த கேள்வி உடனே வரும். வந்தது. தோட்டாவைச் சுழலும் உருளையில் வைக்கும் ரிவால்வர் அரிதாகத்தான் சிக்கும், உண்மை. மணிக்கட்டு தளர்வதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் மிக எடைகுறைந்த ரிவால்வரில் உதைப்பு தாங்காமல், இன்னும் சுடாத தோட்டாவின் ஈயமுனை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, உருளை திரும்பாமல் பூட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காலி உறையைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் நாலு சேர்ந்தாலும் அதே கதி. பிஸ்டல் சிக்கினால் பழகிய கை இரண்டு விநாடியில் சரிசெய்துவிடும். ரிவால்வர் பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வர வேண்டும்.

எத்தனை சுட்டால் நம்பலாம்? நம்மில் பாதிப் பேர் இன்ஜினியர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்ட எண்ணிக்கையால் மூன்றை வகுங்கள். 95 சதவீத நிச்சயத்தோடு, தடங்கல் விகிதம் அதற்கு மேல் இல்லை என்று சொல்லலாம். ஐம்பது சுட்டுச் சிக்கவில்லை என்றால், நூறுக்கு ஆறு வரை சிக்கக்கூடிய துப்பாக்கியாக அது இன்னும் இருக்கலாம். 200 சுட்டால் நூறுக்கு ஒன்றரை. "ஒரு மேகசின் போட்டேண்ணா, சூப்பரா ஓடுது" என்பவர்களுக்கு (மேகசின் என்றால் தோட்டாவை அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகும் டப்பா) இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. முதலில் 200 சாதாரணப் பயிற்சித் தோட்டா, வைத்திருக்கும் எல்லா மேகசினிலும் மாற்றி மாற்றி. மேகசின் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள். சிக்குவது எப்போதும் இரண்டாம் நம்பரில்தான் என்றால் குற்றவாளி பிஸ்டல் இல்லை. அப்புறம் வீட்டில் எந்தத் தோட்டாவை வைக்கப் போகிறீர்களோ அதே பிராண்டு, அதே வகையில் குறைந்தது 100. பயிற்சித் தோட்டாவை விட விலை கூடுதல், தெரியும், பர்ஸ் கடிக்கும். பயிற்சித் தோட்டாவை வழுக்கிக்கொண்டு விழுங்கும் பிஸ்டல் ஹாலோ பாயின்ட்டைத் துப்புவதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். நடுவில் சிக்கினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். சுடுபவர், வீட்டில் அதை எடுக்கப் போகிறவராக இருக்கட்டும்.

சுடும்போது "கிளிக்" என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லையா? குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். சத்தம் பொத்தென்று, உதைப்பே இல்லாமல் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நிற்கலாம். கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தினமும் ராத்திரி தோட்டாவை உள்ளே ஏற்றி, காலையில் எடுத்து, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மோதி மோதிக் குண்டு உறைக்குள் அமுங்கும். அதைச் சுடும்போது உள்ளே அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் தூர வையுங்கள்; ரேஞ்சில் அதைப் போட ஒரு டப்பா இருக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டுப் பெட்டகம் இல்லாமல் இந்தப் பேச்சே வேண்டாம். அலமாரியின் மேல்தட்டு பெட்டகம் ஆகாது. அந்தத் தம்பதியின் மகன் அங்கிருந்து மைசூர்பாகை எடுத்த கதையை அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

அந்தப் பெண் அன்று வாடகைக்கு நாலு பிஸ்டல் சுட்டுப் பார்த்து, கை முழுசாகப் பிடிக்கும் நடுத்தர அளவு ஒன்றை எடுத்தார். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் தனியாக வந்து ஒரு சின்ன நோட்டில் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நேற்று மூன்றாம் லேனிலிருந்து திரும்பிப் பார்த்தார், முகம் தொங்கிவிட்டது.

"நூத்தி நாப்பத்தி மூணுல ஒண்ணு சிக்கிடுச்சுண்ணா. மேகசின் நம்பர் ரெண்டு. மறுபடியும் ஒண்ணுலேருந்தா?"

"ஒண்ணுலேருந்துதாம்மா. முதல்ல அந்த மேகசினை இப்படிக் கொடு."