கியோர்கி சிலுவை: சொல் விளக்கம்

ருஷ்யப் பேரரசுக் காலத்துப் போர்க்கதைகளில் அடிக்கடி வரும், சிப்பாய்களின் வீரத்துக்கு வழங்கப்பட்ட 'கியோர்கியெவ்ஸ்கி கிரெஸ்த்' என்னும் சின்னத்தைத் தமிழில் 'ஜார்ஜ் பதக்கம்' என்று எழுதுவது பொருந்தாது. 'கிரெஸ்த்' என்றால் சிலுவை. 'மெதால்' எனப்படும் வட்டப் பதக்கம் வேறு; அதுவும் 1913 முதல் கியோர்கியின் பெயராலேயே வழங்கப்பட்டதால், இரண்டையும் 'பதக்கம்' என்றால் படிப்பவர் குழம்பிப்போவார்.

பெயரின் வேர் கிரேக்கம். மண்ணைக் குறிக்கும் சொல்லும் உழைப்பைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த 'கியோர்கியோஸ்' என்பதற்கு உழவன் என்று பொருள். சிலுவைக்குப் பெயர் தந்த புனித கியோர்கிதான் சென்னைக் கோட்டைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ். ருஷ்ய நாட்டுப்புற வழக்கில் இப்பெயர் 'யெகோர்' என்று திரிந்ததால், சிப்பாய்கள் தங்கள் சிலுவையை 'யெகோரி' என்றே அழைத்தார்கள். முதன்முதலில் அதைப் பெற்றவரும் ஒரு யெகோர்தான்: 1807-இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான ஃப்ரீட்லாந்துப் போரில் நின்ற யெகோர் மித்ரோகின். பண்ணையடிமைக் குடும்பங்களிலிருந்து படைக்குப் பிடித்துவரப்பட்ட உழவர் மக்களின் மார்பில் உழவன் பெயரே தொங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

1769-இல் இரண்டாம் கேத்தரின் நிறுவிய புனித கியோர்கி 'ஓர்தென்' என்னும் வீர விருது அதிகாரிகளுக்கே உரியது. சாதாரணச் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் உரிய சிலுவையை முதலாம் அலெக்சாந்தர் 1807-இல் ஏற்படுத்தினார். அதைப் பெற்றவருக்குச் சம்பளம் உயர்ந்ததோடு, அந்நாளில் சிப்பாய்கள் பெரிதும் அஞ்சிய கசையடி முதலிய உடல்தண்டனைகளிலிருந்து விலக்கும் கிடைத்தது. 1856-இல் நான்கு படிகள் வகுக்கப்பட்டன: மேலிரண்டும் பொன், கீழிரண்டும் வெள்ளி. நடுவட்டத்தில் குதிரைமீதமர்ந்து நாகத்தை ஈட்டியால் குத்தும் கியோர்கி. பின்புறம் வரிசை எண். தொங்கவிடக் கறுப்பும் செம்மஞ்சளுமான பட்டை நாடா. அரசு ஏடுகளில் 'படை ஓர்தெனின் சிறப்புச் சின்னம்' என்று நீண்டு கிடந்த பெயர், 1913-இல்தான் மக்கள் வழக்கையொட்டி 'கியோர்கி சிலுவை' என்று மாறியது.

'ஓர்தென்' என்பதை, ஆங்கில 'ஆர்டர்' என்று கொண்டு, 'ஆணை' என்று பெயர்ப்பது பெரும்பிழை. வரிசை, ஒழுங்கு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, வீரர் குழுவையும் அக்குழுவின் அடையாளத்தையும் குறித்த சொல் அது. பட்டம், கொடி, வெற்றிச் சின்னம் ஆகிய பொருள்களைத் தாங்கிய நம் 'விருது' அதற்குத் தக்கது. 'வீரக்கழல்' அழகிய சொல்தான். ஆனால் கழல் காலில் அணிவது, மார்பில் தொங்கும் சிலுவைக்கு அது ஒட்டாது. எனவே அதிகாரிகளுக்குரியதைப் 'புனித கியோர்கி விருது' என்றும், சிப்பாய்க்குரியதைக் 'கியோர்கி சிலுவை' என்றும், வட்டமானதை மட்டும் 'கியோர்கிப் பதக்கம்' என்றும் எழுதலாம். கதையில் சிப்பாயே பேசும் இடத்தில் 'யெகோரி'யை அப்படியே விட்டுவிட வேண்டும்.