மித்ரேயம் – மித்ரக் குகை

ரோமப் பேரரசில் மித்ராஸ் என்ற கடவுளை வணங்கியவர்கள் கூடிய சிறு கோயிலைத் தொல்லியலாளர்கள் மித்ரேயம் என்கிறார்கள். கடவுளின் பெயரோடு இடத்தைக் குறிக்கும் கிரேக்க விகுதி சேர்ந்து லத்தீன் வடிவம் பெற்ற சொல் இது. மியூஸ் என்ற கலைத்தெய்வங்களின் இடம் மியூசியம் ஆனதும் இப்படித்தான்.

மித்ராஸ் என்ற பெயரின் வேர் ஈரானில் இருக்கிறது. ஜொராஸ்திரியர்களின் புனித நூலான அவெஸ்தாவில் மித்ரா என்றால் உடன்படிக்கை. அதைக் காக்கும் தெய்வத்தின் பெயரும் அதுவே. இருக்கு வேதத்தில் வருணனோடு சேர்த்துப் போற்றப்படும் மித்திரன் இவருக்கு உறவு. நண்பன் என்ற பொருளில் தமிழுக்கு வந்த மித்திரனும் அதே வேர்தான். ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக வழிபாடும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. ரோமக் கோயில்களில் காளையைக் குத்திக் கொல்லும் மித்ராஸே மூலவர். பழைய ஈரானியச் சான்றுகளில் அப்படியோர் உருவம் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மித்ராஸ் கோயில்' தவறில்லை, ஆனால் ஊருக்குப் பொதுவான பெரிய கட்டடத்தை நினைக்க வைக்கும். 'குடைவரை' பொருந்தாது, பெரும்பாலானவை செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டியவை. என் தேர்வு 'மித்ரக் குகை'. காரணம், அடியார்களே அந்த இடத்தை லத்தீனில் 'ஸ்பெலேயும்' (speleum), அதாவது குகை என்று அழைத்தார்கள். மித்ரேயம் பின்னாளில் ஆய்வாளர்கள் வைத்த பெயர்.

குகையே இல்லாத இடத்தை எப்படிக் குகை என்பது என்று கேட்கலாம். அதற்கு ஓஸ்டியாவைப் பார்க்க வேண்டும். டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ரோமின் துறைமுக நகரம் அது. அங்கே மட்டும் 15-க்கும் மேற்பட்ட மித்ரக் குகைகள் வெளிப்பட்டுள்ளன. ஒன்று குளியல் கூடத்துக்கு அடியில், வேறு சில வீடுகளை ஒட்டி. எல்லாம் ஒடுங்கிய அறைகள்: நடுவே நடைபாதை, இரு பக்கமும் சாய்ந்தபடி விருந்துண்ணத் திண்ணைகள், கோடியில் கடவுள்.

அவற்றில் 'ஏழு கோளங்கள்' என்று பெயர் பெற்ற அறையின் நடைபாதையில் ஏழு அரைவட்டங்களைக் கறுப்பு வெள்ளைக் கல்பதிப்பில் காட்டியிருக்கிறார்கள். திண்ணைகளில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு ராசிகள்; திண்ணைகளின் முகப்பில் கோள்களின் உருவங்கள். மித்ரக் குகை பிரபஞ்சத்தின் வடிவம் என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி போர்பிரி எழுதியது இங்கே தரையிலேயே இருக்கிறது. ஆக, அவர்கள் குகை என்றது பாறைப் பொந்தை அல்ல, வானத்தை உள்ளடக்கிய ஓர் அறையை. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஓஸ்டியாவின் இன்னொரு மித்ரக் குகையில், ஃபெலிசிசிமுஸ் என்பவர் நேர்த்திக்கடனாக அமைத்த தரையில், அடியார்களின் ஏழு படிநிலைகளுக்கும் அடையாளங்கள் வரிசையாக உள்ளன. அந்த நிலைகளைத் தமிழில் காகம், மணமகன், வீரன், சிங்கம், பாரசீகன், கதிரோட்டி, தந்தை எனலாம். 'கதிரோட்டி' என் ஆக்கம். சூரியனின் தேரோட்டத்தோடு தொடர்புடைய நிலை என்பதால் அவருக்குச் சாட்டையும் கதிர்முடியும் தீப்பந்தமும் காட்டப்பட்டுள்ளன.

கட்டுரை எழுதுவோர் முதல் இடத்தில் 'மித்ரேயம் எனப்படும் மித்ரக் குகை' என்று எழுதிவிட்டு, அப்புறம் மித்ரக் குகை என்றே தொடரலாம். மூலவர் உருவத்துக்குக் 'காளைவதைச் சிற்பம்' போதும்.