இழுவை உதிர்வு, இழுவை வழுக்கை: ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்னும் சொல்லுக்கு இரண்டு தமிழ்ப் பெயர்கள்

இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்கா மகள் விடுமுறைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு வந்திருந்தபோது, அவளுடைய இரு கன்னப்பொறிகளுக்கு மேலும் முடி மெலிந்து தோல் தெரியத் தொடங்கியிருந்தது. உடன் பணிபுரியும் நைஜீரியத் தோழியரின் சிறு சிறு சடைகளைக் கண்டு விரும்பித் தானும் அப்படிப் பின்னிக்கொண்டு மூன்று மாதம் அவிழ்க்காமல் வைத்திருந்ததாகவும், அவிழ்த்த அன்று ஓரத்து முடி கையோடு வந்ததாகவும், அங்குள்ள மருத்துவர் அதற்கு ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்று எழுதித் தந்ததாகவும் சொன்னாள். அக்காவோ, “இது அப்பா வழியில வந்த வழுக்கை, இனி என்ன செய்ய” என்று முடிவுகட்டியிருந்தாள். “சித்தி, இதுக்குத் தமிழில சரியான ஒரு பேரு சொல்லித் தாங்க, அம்மைக்கு விளங்கணும்” என்று அவள் கேட்டதால், அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

‘அலோபீசியா’ கிரேக்கச் சொல். அம்மொழியில் ‘அலோபெக்ஸ்’ என்றால் நரி. சொறி பிடித்த நரிக்கு உடம்பில் திட்டுத்திட்டாக மயிர் கொட்டிவிடும் என்பதால், மனிதருக்கு முடி கொட்டுவதையும் நரியின் பெயராலேயே ‘அலோபெக்கியா’ என்றார்கள். அது இலத்தீன் வழியாக மருத்துவ நூல்களுக்குள் வந்து, இன்று எந்தக் காரணத்தால் முடி இழந்தாலும் பொதுப்பெயராக நிற்கிறது. நம்மவர்களும் இதைப் போலவே ஓர் உயிரின் பெயரை வைத்துத்தான் ஒரு வகையைக் குறித்தார்கள். வட்டமாக, ஓர் இடத்தில் மட்டும் முடி போய்விடுவதைப் புழு அரித்ததாக எண்ணி ‘புழுவெட்டு’ என்றோம். உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது அது என்றும், அதில் புழுவுக்குப் பங்கில்லை என்றும் இன்று தெரிந்திருந்தாலும், கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்வதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அக்கா மகளுக்கு வந்தது புழுவெட்டு அன்று.

‘டிராக்‌ஷன்’ என்பதன் வேர் இலத்தீனில் இழுத்தலைக் குறிக்கும் ‘திராகெரே’. உழவுக்கு வந்த டிராக்டரும் அதே வேரில் பிறந்தது. எலும்பு முறிந்தவரின் காலைக் கட்டி, எடை தொங்கவிட்டு, “டிராக்‌ஷன் போட்டிருக்கு” என்று மருத்துவமனையில் சொல்லக் கேட்டிருப்போம். அங்கே இழுப்பது எலும்பை நேராக்குவதற்கு. இங்கே அதே சொல், தலையில் இடைவிடாமல் நிகழும் இழுப்பையும் அதன் விளைவையும் குறிக்கிறது. இந்த நோய் மருத்துவ எழுத்தில் முதலில் பதிவானது 1907-இல், கிரீன்லாந்துப் பெண்களைப் பற்றி டிரெபிட்ஷ் என்பவர் எழுதியபோது. அவர்கள் கூந்தலை உச்சிக்கு இழுத்து இறுக்கமான கொண்டையாகக் கட்டுவது வழக்கம். அதனால் நெற்றியோரத்திலும் பக்கங்களிலும் முடி குறைந்திருப்பதை அவர் குறித்தார். ‘கிரீன்லாந்து வழுக்கை’ என்னும் பொருள்பட ‘அலோபீசியா கிரோன்லாந்திகா’ என்ற பெயரும் வழங்கியது. பின்னர் தலைமுடியை வெட்டாமல் முடிந்து கட்டும் சீக்கியரிடமும், இறுக்கக் கொண்டையிடும் பாலே நடனக்காரரிடமும், ஆப்பிரிக்க வழிவந்த பெண்களிடமும் இதே நிலை பதிவாகியது. இடத்தின் பெயரால் அழைப்பதில் பொருளில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். முடியை இறுக்கி இழுத்துக் கட்டும் எந்த ஊரிலும் இது வரும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு தொடர் ‘புரொடெக்டிவ் ஸ்டைல்’. ஆப்பிரிக்க வழிவந்தோரின் சுருண்ட முடியில் வளைவு ஒவ்வொன்றும் ஒரு மெலிவிடம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை அந்த வளைவுகளைக் கடந்து நுனி வரை இறங்குவதில்லை. ஆகவே நுனி காய்ந்து எளிதில் ஒடியும். முடியின் மிகப் பழைய பகுதியான அந்த நுனியை உள்ளே மடக்கிப் பின்னிவிட்டால் தினமும் சீப்பு படாது, உரசல் குறையும், நீளம் தங்கும். இந்த அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. ‘பாதுகாப்புச் சிகையலங்காரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது ஒரு விளம்பரத் தொடராக ஒலிக்கிறது. ‘காப்புப் பின்னல்’ என்பதே போதும். காப்பு என்னும் சொல்லில் காவலும் இருக்கிறது, அணிந்துகொள்ளும் பொருளும் இருக்கிறது. தலைத்தோலை ஒட்டி வரிவரியாகப் பின்னுவதை அவர்கள் சோளக்கொல்லையின் வரிசையோடு ஒப்பிட்டுக் ‘கார்ன்ரோ’ என்பார்கள். நெல்வயலைப் பார்த்து வளர்ந்த நாஞ்சில் நாட்டார் அதை ‘வரப்புப் பின்னல்’ என்றால் ஒரு நொடியில் விளங்கிவிடும்: எழும்பி நிற்கும் சடை வரப்பு, இடையில் தெரியும் தோல் சால்.

காப்பதற்கென்று போட்ட பின்னலே முடியைக் கெடுப்பது எப்படி என்பதற்கு விடை, காக்கப்படுவது நுனி, இழுபடுவது வேர் என்பதில் இருக்கிறது. பின்னலின் எடை முழுவதையும் சுமப்பது அடியில் உள்ள மயிர்க்கால். நீட்டுவதற்காகப் பொய்முடியும் சேர்த்துப் பின்னினால் எடை கூடுகிறது. நம்முடைய வழுவழுப்பான நேர்முடியில் அத்தகைய பின்னல் நழுவும் என்பதால், நழுவாமலிருக்க இன்னும் இறுக்கிப் பின்னுகிறார்கள். சுருள்முடிக்கென்று உருவான ஒரு முறையை அதன் காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் என் அக்கா மகள் செய்த தவறு. அவளிடமும் அதைச் சொன்னேன்.

நீட்டுவதற்குச் சேர்க்கும் பொய்முடிக்கு இப்போது எல்லாரும் ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறார்கள். தமிழில் அதற்குப் பழைய பெயர் உண்டு: சவுரி. சவரி என்றும் எழுதுவர். வடமொழிச் ‘சமரி’, அதாவது வெண்சாமரத்துக்கு வாலைத் தரும் கவரிமா, அதன் பெயர் திரிந்து சவரியாகி, முதலில் அந்த வால்மயிரையும் பிறகு பெண்கள் கூந்தலோடு சேர்த்துக் கட்டும் முடியையும் குறித்தது. ‘முடி’ என்னும் சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். இன்று மயிர் என்பதை வசவாக்கிவிட்டு முடி என்பதை இடக்கரடக்கலாக வைத்திருக்கிறோம். ஆனால் முடி என்பதன் வேர் முடிதல், அதாவது கட்டுதல். முடிச்சும் அதிலிருந்தே வந்தது. பெண்களின் கூந்தலை முடிக்கும் ஐந்து வகையைக் கொண்டு அதற்கே ‘ஐம்பால்’ என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்று அவற்றை எண்ணுவதுண்டு. தலையில் வளர்வதற்கே கட்டப்படுவது என்று பெயர் வைத்த மொழியில், கட்டினால் வரும் நோய்க்குப் பெயர் இல்லாமல் இருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பெயர் வைப்பதற்கு முன்னர் வினைச்சொல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘முடி உடைதல்’ என்று பார்க்கிறேன். பானை உடையும், தேங்காய் உடையும், கம்பு ஒடியும், கயிறும் நூலும் அறும். முடியும் ஓர் இழை, ஆகையால் இழுத்தால் அது அறும், காய்ந்து மொரமொரத்திருந்தால் ஒடியும், உடையாது. மயிர்க்காலிலிருந்தே வந்துவிட்டால் அது அறுதலும் அன்று, உதிர்தல்; பிறர் பிடித்திழுத்து வந்தால் பறிதல். கேரள எல்லைப்பகுதியில் மலையாளச் சாயலோடு ‘பொட்டிப் போச்சு’ என்றும் ‘கொழியுது’ என்றும் பேசுபவர்களிடமும் இதே பாகுபாடு இருக்கிறது: முன்னது நடுவில் அறுவது, பின்னது வேரோடு விழுவது. சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு முனையில் வெண்ணிறமாகச் சிறு குமிழ் இருந்தால் அது உதிர்ந்தது, இல்லையென்றால் அறுந்தது. அறுந்ததற்கு எண்ணெயும், மெதுவாகச் சிக்கெடுத்தலும், நனைந்த தலையை இறுக்கிக் கட்டாமையும் பெரும்பாலும் போதும். ஈர முடி அதிகம் நீண்டு எளிதில் அறும். ஓரத்தில் மட்டும் தொடர்ந்து உதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் முடியைக் கட்டும் இறுக்கத்தில் இருக்கிறது. ஒரே தலையில் இரண்டும் சேர்ந்தும் நடக்கும்.

மயிர்க்கால் என்பது அருமையான சொல். பந்தலுக்குக் கால் போல முடிக்கு அது கால். இழுவை தொடரும்போது முதலில் அந்தக் காலைச் சுற்றிச் சிவப்பும், சிலருக்குச் சிறு கொப்புளமும், தொட்டால் வலியும் வரும். வளர்ச்சிப் பருவத்தில் இருக்க வேண்டிய முடி முன்கூட்டியே ஓய்வுக்குப் போய் உதிர்கிறது. கட்டை இளக்கிவிட்டால் இந்தக் கட்டத்தில் அது மீண்டும் முளைக்கும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்வதால் பொறுமை வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுவை நீடித்தாலோ மயிர்க்கால் சுருங்கி, பூனைமுடி மட்டும் தந்து, கடைசியில் தழும்பாகி மூடிவிடும். பிறகு எந்த எண்ணெயும் அங்கே முளைப்பிக்காது. நெற்றியின் விளிம்பில் மட்டும் சில மெல்லிய இழைகள் தங்கி, அதற்குப் பின்னால் வெறுமை தெரிவது இந்நோயின் அடையாளம். பின்னலில் பிடிபடாத அளவுக்குக் குட்டையாக இருந்ததால் அந்த இழைகள் தப்பின.

இரு கட்டங்கள் இருப்பதால்தான் ஒரே பெயர் போதாது என்கிறேன். ‘வழுக்கை’ என்னும் சொல் வழுக்குதலிலிருந்து வந்தது. இளநீரில் வழுவழுவென்று இருக்கும் இளந்தேங்காய்க்கும் அதுவே பெயர். மயிர்க்காலின் வாயும் தெரியாமல் பளபளக்கும் கடைசிக் கட்டத்துக்கு அந்தச் சொல் மிகப் பொருந்தும், முதற்கட்டத்துக்குப் பொருந்தாது. பேச்சில் வழுக்கை என்றவுடன் அப்பா, தாத்தா, பிறப்பு என்று மனம் போய்விடுகிறது. மலையாளத்தில் கஷண்டி என்றாலும் அப்படித்தான். என் அக்கா செய்ததும் அதுவே: பெயரைக் கேட்டாள், கைவிட்டாள். ஆகவே திரும்ப முளைக்கக்கூடிய கட்டத்துக்கு ‘இழுவை உதிர்வு’ என்றும், தழும்பாகிவிட்ட கட்டத்துக்கு ‘இழுவை வழுக்கை’ என்றும் வழங்குவதே சரி. ‘இழுப்பு’ என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தமிழில் இழுப்பு என்றால் வலிப்பும் மூச்சிரைப்பும் நினைவுக்கு வரும். ‘இழுவிசை முடியிழப்பு’ பாடநூலில் நிற்கும், வீட்டு வாசலைத் தாண்டாது. இழுவைமடி வலையை அறிந்த குளச்சல், முட்டம் கரையில் ‘இழுவை’ என்பதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒரு பெரிய எடையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டு போவது என்ற முழுப்பொருளும் அதற்குள் இருக்கிறது.

நெற்றியோரத்திலும் காதோரத்திலும் உள்ள முடியை ஆப்பிரிக்க வழிவந்தோர் ‘எட்ஜஸ்’ என்கிறார்கள். அதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ‘ஓரமுடி’ என்று நம் பெண்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். மேலாடையான நேரியலின் கரையை நினைத்துக் ‘கரைமுடி’ என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் வழக்கில் உள்ள சொல்லைத் தள்ளிவிட்டு அழகான சொல்லை நுழைப்பது முறையன்று. எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் கன்னப்பொறிக்குச் ‘சென்னி’ என்று பெயர். ஒற்றைத் தலைவலியைச் ‘சென்னிக்குத்து’ என்பார்கள். தமிழ் இலக்கியத்திலோ சென்னி தலை முழுவதையும் குறிக்கும். இந்த நோய் குத்தகைக்கு எடுப்பது போல முதலில் பிடிப்பது அந்தச் சென்னியோரத்தைத்தான்.

வெளிநாட்டுப் பின்னல் மட்டும் இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிக்குப் போகும் சிறுமிகளின் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையில், காது ஓரத்து முடி ஒன்றுகூட வெளியே தெரியாதபடி சீப்பால் வழித்து நாடாவால் முறுக்கிக் கட்டுவது ஒழுங்கின் அடையாளமாகிவிட்டது. இந்த மாவட்டத்திலிருந்து செவிலியர் படிப்புக்குப் போகும் பெண்கள் ஏராளம். பயிற்சிக் காலம் முழுவதும் வலைக்குள் இறுக்கிய கொண்டையோடு இருப்பவர்கள் அவர்கள். திருமணத்தன்று சவுரி, குஞ்சலம், தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூச் சரம் எல்லாம் சேர்ந்து பின்னலில் தொங்கும் எடை ஒரு நாளோடு போய்விடும், அதைப் பற்றிக் கவலையில்லை. தினந்தோறும் வரும் இழுவைதான் கேடு. என் அக்கா மகளுக்கும் லண்டன் பின்னல் கடைசி அடிதான், பள்ளியிலும் பயிற்சியிலும் தொடங்கியதன் மேல் விழுந்தது. இதற்கு மாறாக, குளித்த ஈரத் தலையின் இரு பக்கத்திலிருந்தும் சில இழைகளை மட்டும் எடுத்து லேசாகப் பின்னி, மீதியை விரித்து விடும் ‘குளிப்பின்னல்’ என்ற ஒரு முறை பழைய திருவிதாங்கூர்ப் பகுதிப் பெண்களிடம் இருந்தது. காப்புப் பின்னலுக்கு நம்மிடம் ஓர் இணை உண்டென்றால் அதுதான்.

கட்டிய பிறகு புருவம் மேலே இழுபட்டாலோ, தலை வலித்தாலோ, படுக்க முடியாமல் போனாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். பழகிவிடும் என்று பொறுக்காமல் அன்றே அவிழ்க்க வேண்டும். சவுரி சேர்த்துப் பின்னியதை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் வைக்காமல், இடையில் தலைக்கு ஓய்வு தருவது நல்லது. கொப்புளமோ சீழோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அக்காவுக்கு நான் ‘இழுவை உதிர்வு’ என்று சொன்னேன். “அப்ப கட்டாம விட்டா முளைக்குமா” என்று கேட்டாள். முளைக்கும் என்றேன். அன்று மாலை மகளின் தலையில் காய்ச்சிய எண்ணெய் தேய்த்து, தளரப் பின்னி, ஓரமுடியைச் சேர்க்காமல் விட்டாள்.